மாத்திரைக்கு ஆறு வாரம் லீவு

1.3 மில்லிமீட்டர். செல்போனின் வயிற்றுக்குள் இருக்கும் குட்டி ஸ்க்ரூக்களில் ஒன்றின் நீளம் அது. பக்கத்தில் இருப்பது அதைவிட ஒரு முடியளவு நீளம். பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். நீளமானதை எடுத்துக் குட்டையானதன் குழியில் முடுக்கினால், அடியில் இருக்கும் போர்டைத் துளைத்துவிடும். போன் அதோடு சரி.

இந்த ஸ்க்ரூக்களோடு பதினேழு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறார் 'கைராசி அக்கா'. வணிக வளாகத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் கடை. மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் வெளியில். முன்னால் கவுன்டரில் அவருடைய தம்பி. பின்னால், விளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்த மேஜையில் அக்கா. தண்ணீரில் விழுந்த போன், வண்டிச் சக்கரம் ஏறிய போன், சுவரில் வீசி எறிந்துவிட்டு "கை தவறிடுச்சு" என்று கொண்டுவரப்படும் போன், எல்லாம் அந்த மேஜைக்கு வரும். பெரும்பாலானவை உயிரோடு திரும்பும். அந்தப் பெயர் அப்படி வந்தது.

மூன்று வருஷம் முன்னால் அக்காவின் இடது மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து மேஜைக்குத் திரும்பினார். முடி பழையபடி வளர்ந்தது, கொஞ்சம் சுருட்டையாக. டாக்டர் தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவருக்கு வந்த வகைப் புற்றுநோய்க்குத் தீனி போடுவது உடம்பில் சுரக்கும் பெண் ஹார்மோன். மாத்திரை அந்தத் தீனியை நிறுத்தும். ஐந்து வருஷம் சாப்பிட வேண்டும்.

அக்கா ஒரு நாள் விடாமல் சாப்பிட்டார். விட முடியாது. கணவர் லிஃப்ட் பராமரிப்பு மெக்கானிக். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள். காலை ஏழு மணிக்கு ஒரு கையில் தண்ணீர், இன்னொரு உள்ளங்கையில் மாத்திரையோடு கட்டிலருகில் நிற்பார். வாயில் போட்டு விழுங்கும்வரை நகரமாட்டார்.

முதல் வருஷம் முடியும்போது விரல்கள் முரண்டு பிடிக்க ஆரம்பித்தன. காலையில் மடங்காது, மடங்கினால் நிமிராது. கட்டைவிரல் ஓரிடத்தில் சிக்கி நின்று, பிறகு டக்கென்று விடும். பத்து மணிக்குக் கடை திறந்தால் மதியம்வரை விரல்கள் வேலைக்கு வராது. தம்பிக்குப் புரிந்தது. ஸ்க்ரூக்களைக் கழற்றிக் காந்தப் பாயில் வரிசையாக வைப்பதும், கடைசியில் திரும்ப முடுக்குவதும் தன் வேலை என்று எடுத்துக்கொண்டான். யாராவது கேட்டால், "அக்கா இப்போ சர்ஜன். நான் நர்ஸ்" என்பான்.

நர்ஸ் சாப்பிடப் போன ஒரு மதியம் சர்ஜன் தானே மூடப் பார்த்தார். இடுக்கி நழுவி இரண்டு ஸ்க்ரூ உருண்டு இடம் மாறியது. விரல் மரத்திருந்ததால் முடுக்கும்போது அந்தச் சின்ன முறுகல் தெரியவில்லை. போர்டு போனது. போன் ஒரு கல்லூரி மாணவியுடையது. அவளுக்குப் பதிலாக வேறு போன் கொடுத்து அனுப்பிவிட்டு, அக்கா கடையைப் பாதியில் அடைத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

எத்தனை நாளாக என்று டாக்டரம்மா கேட்டார். ஒரு வருஷமாக என்றார் அக்கா. ஏன் சொல்லவில்லை என்றதற்கு அக்கா சொன்னது:

"உயிரைக் காப்பாத்திக் குடுத்திருக்கீங்க. விரல் வலிக்குதுன்னு வந்து நின்னா, இவளுக்கு எவ்வளவு குடுத்தாலும் பத்தாதுன்னு நினைப்பீங்களோன்னு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் நிறையப் பேருக்கு மூட்டு வலி வரும், அதைச் சொல்லாமல் ரகசியமாக நிறுத்திவிடுகிறவர்கள்தான் தனக்குத் தலைவலி என்றார். ரத்தப் பரிசோதனை, எலும்பு ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். சுத்தம். அதன்பிறகு ஒரு யோசனை சொன்னார். மாத்திரையை ஆறு வாரம் நிறுத்திப் பார்ப்போம். வலி குறைந்தால் மாத்திரைதான் காரணம், வேறு ஒன்றுக்கு மாற்றலாம். குறையவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

ஸ்கேன் சுத்தம் என்பதை வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். ஆனால் மனசில் உட்கார்ந்தது 'வேறு காரணம்' என்பதுதான். அது எதுவாக இருக்கலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாத அந்த ஒன்றுதான் சாப்பாட்டு நேரத்தில் நடுவில் வந்து உட்கார்ந்தது.

கணவருக்குத் திட்டமே பிடிக்கவில்லை.

"பிரேக்கைக் கழட்டி வெச்சுட்டு லிஃப்ட் எப்படி ஓடுதுன்னு எவனாவது பார்ப்பானா?"

"ஏங்க, நீங்க லிஃப்ட்டை நிறுத்தி வெச்சுத்தானே அதுல கையே வைக்கிறீங்க? வாசல்ல போர்டு வேற மாட்டுறீங்க."

கணவர் அத்தோடு விடவில்லை. மறுநாள் டாக்டருக்குத் தானே போன் செய்து கேட்டார். இவ்வளவு நாள் சாப்பிட்டதன் பலன் ஆறு வாரத்தில் ஓடிவிடாது, ஆனால் தாமாகவே ஒரு நாள்கூட நீட்டக் கூடாது என்று பதில் வந்தது. அந்த இரண்டாவது பாதி அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இரண்டு வாரம் ஓடியது. காலை ஏழு மணிக்குக் கணவர் எலும்புக்கான கால்சியம் மாத்திரையை மட்டும் கொடுத்தார். விரல்கள் அப்படியே இருந்தன. தம்பி நர்ஸ் வேலையைத் தொடர்ந்தான், ஜோக் மட்டும் குறைந்துவிட்டது.

மூன்றாவது வாரம் ஒரு காலை, பாதித் தூக்கத்தில் அக்கா கையை நீட்டினார். உள்ளங்கையில் மாத்திரை விழுந்தது. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்க குடுத்தது கால்சியம்தானே?"

"கால்சியம்தான்."

"கால்சியம் தொண்டையில நிக்கும். இது வழுக்கிட்டுப் போயிடுச்சு."

அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். ஹார்மோன் மாத்திரைதான். பரிசோதனையே கெட்டுவிட்டது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கணவர் நினைத்துவிட்டார். ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டால், ஒரு மாத்திரையால் ஒன்றும் ஆகாது, நாளையிலிருந்து மறுபடி நிறுத்திவிடுங்கள் என்று சிரித்தார். அன்று சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றியபடியே சொன்னார்:

"கை மறந்து எடுத்துதா, இல்ல மனசு வேணும்னே எடுக்க வெச்சுதான்னு எனக்கே தெரியல."

அக்கா அவரைத் திட்டவில்லை. அட்டையைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார், அவ்வளவுதான்.

ஐந்தாவது வாரம் ஒரு சனிக்கிழமை. கடையில் கூட்டம். தம்பி ஒரு காதில் வாடிக்கையாளரின் சண்டையைக் கேட்டுக்கொண்டே, வழக்கம்போல் ஸ்க்ரூ எடுத்துக் கொடுக்க மேஜைப் பக்கம் சாய்ந்தான்.

"நகரு. வெளிச்சத்தை மறைக்கிறே."

நகர்ந்தான். கூட்டம் குறைந்து, அந்த போனின் பின்மூடியை அக்கா அழுத்தி மூடியபோது தம்பி காந்தப் பாயைப் பார்த்தான். காலியாக இருந்தது. அக்காவும் பார்த்தார். யார் முடுக்கியது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அக்கா கட்டைவிரலை மடக்கினார், நிமிர்த்தினார். லேசாகப் பிடித்தது. ஆனால் சிக்கவில்லை. மறுபடி மடக்கினார். அப்புறம் மேஜையில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதார். கடைக்குள் நுழைந்த ஒருவர், தன் போன் செத்துவிட்டது போல என்று பயந்து போனார்.

தம்பி அத்தானுக்குப் போன் போட்டு, அக்கா தானே ஸ்க்ரூ முடுக்கியதைச் சொன்னான். அவர் எங்கோ ஒரு பத்து மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து கேபிளுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த விரலு?"

"எல்லா விரலும், அத்தான்."

"அப்போ மாத்திரைதான்."

"மாத்திரைதான்."

கீழே யாரோ லிஃப்ட் கதவைத் தட்டுவது தம்பிக்குக் கேட்டது. "வர்றேன், வர்றேன், ரெண்டு நிமிஷம்" என்று அத்தான் யாருக்கோ கத்தினார். அன்று வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து அந்த மாத்திரையை வாய் ஓயும்வரை வசைபாடினார்கள். திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்ததில் அப்படி ஒரு நிம்மதி.

விரல்கள் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. விடியற்காலையில் கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது. டாக்டரம்மா அதே வேலையைச் செய்யும் வேறு மாத்திரை எழுதியிருக்கிறார். ஒருத்தருக்கு வலி கொடுப்பது இன்னொருத்தருக்குக் கொடுக்காது, ஒரே ஆளுக்கே ஒன்று ஒத்துவராமல் இன்னொன்று ஒத்துவரும், இதுவும் படுத்தினால் மூன்றாவது ஒன்று இருக்கிறது, வலித்தால் அந்த வாரமே சொல்ல வேண்டும் என்றிருக்கிறார். அக்கா சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

புது மாத்திரை திங்கட்கிழமை ஆரம்பம். செவ்வாய்க்கிழமைகளில் மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு, விரல் இறுக்கம் போகக் கைப்பயிற்சிக்குப் போகிறார்; அன்று மட்டும் கடை இரண்டு மணிக்கே அடைக்கப்படும்.