அக்கா தூங்கிய கார்

என் பெரிய அக்காவின் கணவர், எங்கள் பெரிய மாமா தர்மசந்திரனுக்கு அடுத்தவர் வீட்டைப் பார்த்தோ நிலத்தைப் பார்த்தோ வரும் பொறாமையெல்லாம் சில்லறைப் பொறாமை. கொஞ்ச நாள் புகைந்துவிட்டு அடங்கிவிடும். ஆனால் என் அக்கா மருதேவி இன்னொருவர் காரில் அசந்து தூங்கிவிட்டாள் என்பதற்காக வந்த பொறாமை இருக்கிறதே, அது அவரை ஒரு பெரிய காரையே வாங்க வைத்துவிட்டது. அப்போதும் அடங்கியதா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

மாமாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் விதையும் உரமும் விற்கிற கடை. வீடு திருவண்ணாமலையில். நல்ல மனிதர். என் கல்யாணத்தில் என்னைவிட அதிகமாக ஓடியாடியவர் அவர்தான். ஆனால் எதிர்க்கடையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதைக்கு நாலு பேர் கூடி நின்றால் இவருக்கு மத்தியானச் சோறு இறங்காது. எதிர்க்கடைக்காரர் கண்ணாடிக் கதவு போட்டார் என்று இவரும் போட்டார். கதவு இருப்பது தெரியாமல் ஒரு விவசாயி முட்டிக்கொண்டு மூக்கைப் பிடித்தபடி எதிர்க்கடைக்கே போய்விட்டார். ரோட்டிலும் அவர் அப்படித்தான். யாராவது முந்திவிட்டால், அது மினி பஸ்ஸாகவே இருந்தாலும், திருப்பி முந்தாமல் விடமாட்டார்.

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பகலில் எப்போது கூப்பிட்டாலும் வருவேன். என்னிடம் இருப்பது ஒரு பைக். கார் வைத்திருக்கிற எல்லார் மேலும் எனக்குப் பொறாமை உண்டு, அதை மறைப்பதில்லை. ஆனால் மாமாவின் பக்கத்தில் நிற்கும்போது என் பொறாமை எனக்கே ஒரு பொருட்டாகத் தெரியாது.

எல்லாம் மேல்சித்தாமூர் தேருக்குப் போய்வந்த நாளில் ஆரம்பித்தது. என் சின்ன அக்கா த்ரிசலாவும் அவள் கணவர் ஜினேந்திரனும் சென்னையிலிருந்து முந்தின நாளே வந்திருந்தார்கள். சின்ன மாமா புதிதாக ஒரு பெரிய செடான் வாங்கியிருந்தார். நீளமான கார், அகலமான பின் சீட்டு. வந்து நின்றதே தெரியவில்லை. பெரிய மாமா அதைச் சுற்றிச்சுற்றி வந்தார். கீழே உரசும் என்றார். டிக்கி பெரிது, ஆனால் பெரிதாக இருந்து என்ன பயன் என்றார். வேண்டாத பொண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம்.

நாங்கள் நயினார் வீட்டுக்காரர்கள், தமிழ் ஜைனர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். நான் எப்போதோ ராத்திரி பரோட்டா வரைக்கும் போய்விட்டேன். மருதேவி அக்கா காய்ச்சலில் படுத்தாலும் வழக்கத்தை விடாதவள். அன்று திரும்பும்போது செஞ்சியைத் தாண்டி ஒரு மரத்தடியில் நிறுத்தி, கையோடு கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று பேச்சு. செஞ்சிக் கோட்டை பின்னால் போகும்போதே அக்கா தூங்கிவிட்டாள். தலை த்ரிசலாவின் தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

முன் சீட்டிலிருந்து பெரிய மாமா திரும்பி, "மருதேவி" என்று குரல் கொடுத்தார்.

காரை ஓட்டிக்கொண்டிருந்த சின்ன மாமா தடுத்தார். "விடுங்கண்ணே. அண்ணி எவ்ளோ அசந்து தூங்கறாங்க. எழுந்தப்புறம் நிறுத்திக்கலாம்."

அக்கா எழுந்திருக்கவில்லை. நாங்கள் பாத்திரத்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஓடுகிற காரிலேயே சாப்பிட்டு முடித்தோம். யார் மேலும் ஒரு பருக்கை சிந்தவில்லை. திருவண்ணாமலையில் தெருவிளக்கெல்லாம் எரிந்த பிறகுதான் அக்கா கண்ணைத் திறந்தாள். இருட்டிவிட்டதைப் பார்த்து வருத்தப்படப் போகிறாள் என்று பயந்தோம். அவள் சோம்பல் முறித்துச் சிரித்தாள்.

"என்னா தூக்கம்டா! சாப்பிடாமலே வயிறு நெறஞ்ச மாதிரி இருக்குது."

எலுமிச்சைச் சாதத்தில் பாதியைச் சாப்பிட்டிருந்த பெரிய மாமாவுக்குத்தான் வயிறு எரிந்தது.

மறுநாள் காலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மச்சான், உங்கக்கா என் வண்டியில என்னிக்காவது கண்ண மூடியிருக்காளா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லைதான். மாமாவின் சின்னக் காரில் அக்கா எப்போதும் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

"அவளுக்குக் கார்ல தூக்கமே வராதுன்னு நினச்சினு இருந்தேன்டா. கட்டினவன் வண்டியில வராத தூக்கம் அவன் வண்டியில வருதுன்னா என்னா அர்த்தம்?"

"கார் பெருசுன்னு அர்த்தம், மாமா" என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து கார் வேட்டை. இப்போது எல்லாரும் உயரமான வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். மாமாவுக்கு மட்டும் செடான்தான் வேண்டும், அதுவும் சகலையின் வண்டியைவிட ஒரு விரற்கடையாவது நீளமாக. புதிது கட்டுப்படியாகாது என்பதால் பழைய வண்டி பார்த்தோம். வேட்டவலம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அருள்ராஜ் மாமாவுக்குப் பாடம் நடத்தினார். வண்டி பார்க்கப் போனால் முதலில் பானெட்டில் கையை வை, சூடாக இருந்தால் விற்கிறவன் முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறான், ராத்திரி முழுக்க நின்ற என்ஜின் காலையில் எப்படிப் பேசுகிறது என்பதுதான் உண்மை என்றார். வழவழவென்ற தார் ரோட்டில் மட்டும் ஓட்டிக் காட்டுகிறவனை நம்பாதே, சிமெண்ட் ரோட்டில் விட்டால்தான் டயர் உறுமுவது கேட்கும் என்றார். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியபின் வண்டி ஒரு தடவை அசைந்து நின்றுவிட வேண்டும், தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சத்தம் அவன் வண்டியவிட கம்மியா இருக்குமா?" என்றார்.

"எவன் வண்டி?" என்றார் அருள்ராஜ்.

இவ்வளவு சோதனையும் முடிந்தபிறகுதான் மாமாவின் சொந்தச் சோதனை. அக்காவைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டுவார். அவள் பக்கத்தில் நான். கண்ணாடியை அக்காவின் முகம் தெரியும்படி திருப்பிக்கொள்வார். முதலில் பார்த்த கார் மெத்தை மாதிரி போனது. கிரிவலப் பாதையில் பாதிச் சுற்று வந்தும் அக்கா கொட்டக்கொட்ட விழித்திருந்தாள். "சீட்டு சரியில்ல" என்று இறங்கிவிட்டார் மாமா. அடுத்த காரில் ஜன்னலை ஏற்றிவிட்டால் வெளியே ஆட்டோக்காரர் திட்டுவதுகூடக் கேட்கவில்லை. அதிலும் அக்கா கைப்பிடியை விடவில்லை. "ஏசி காத்து மூஞ்சில அடிக்குது, அதான்" என்று அதையும் கழித்துக்கட்டினார். பௌர்ணமி வந்து ஊருக்குள் கார் விடாத நாட்களில் வீட்டில் உட்கார்ந்து போனில் கார் வீடியோ பார்த்தார். அக்கா மட்டும் மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழகாகத் தூங்கினாள். அதைப் பார்த்து அவருக்கு இன்னும் எரிச்சல். நாற்காலிமேல்கூடப் பொறாமைப்பட்ட மனிதரை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது கார் செங்கம் ரோட்டில், ஒரு டாக்டருடையது. சாம்பல் நிறம். சகலையின் காரைவிட நிஜமாகவே கொஞ்சம் நீளம். டாக்டரின் டிரைவர் வல்லரசு சாவியைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

"ஐயா யாருக்கும் ஸ்டீரிங் தரக்கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க. நானே ஓட்டிக் காட்டறேன்."

மாமா முணுமுணுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். ஆசிரமத்தைத் தாண்டினோம். வெள்ளைக்காரர்களும் மாடுகளும் குறுக்கே வந்தபோதெல்லாம் வல்லரசு நின்று நின்று வழிவிட்டார். அடி அண்ணாமலை வருவதற்குள் அக்காவின் கை கைப்பிடியிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. நான் மாமாவின் தோளைத் தட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. "ஹாரன் அடிக்காதப்பா" என்று வல்லரசுவின் காதில் கிசுகிசுத்தார்.

காரை வாங்கிவிட்டார். அன்றே சகலைக்குப் போன்.

"உன் வண்டியில தூங்கினா, சரி. என் வண்டியில குறட்டையே விட்டா தம்பி!"

அக்கா குறட்டை விடவில்லை. போகட்டும்.

வண்டி வீட்டுக்கு வந்தது. மாமா ஓட்டினார். அக்கா விழித்திருந்தாள். கீழ்பென்னாத்தூர் போனார்கள், வந்தார்கள். விழித்திருந்தாள். டாக்டர் டயரை மாற்றி ஏமாற்றிவிட்டார் என்று மாமாவுக்குச் சந்தேகம். காரை அருள்ராஜிடம் கொண்டுபோனார். அவர் தூக்கிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். "வண்டி தங்கம் மாதிரி இருக்குது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா இல்ல இருக்குது" என்றார். மாமா அவரோடு சில நாள் பேசவில்லை.

கடைசியில் போளூருக்கு அந்தப் பக்கம் திருமலைக் கோயிலுக்கு ஒருநாள் போனோம். போகும்போது ஒரு வெள்ளை வேன் எங்களை முந்தியது. மாமா அதை விரட்டிப் பிடித்து முந்தினார். பின் சீட்டில் அக்காவின் வலது கால் கீழே கிடந்த கால்மிதியை அழுத்தி அழுத்தி விடுவதை அன்றுதான் கவனித்தேன். பிரேக் இல்லாத இடத்தில் பிரேக் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாமி கும்பிட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்ததும் மாமா வெடித்துவிட்டார்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காத. அவன் வண்டியில தூங்கின. டாக்டர் வண்டியா இருந்தப்ப இதே வண்டியில தூங்கின. என் வண்டியா ஆனதும் ஏன் தூங்க மாட்டேங்கற?"

அக்கா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். இத்தனை நாள் நடந்த கார் வேட்டை எதற்கு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"இதுக்கா இவ்ளோ பெரிய காரு? ஏங்க, நானும் தூங்கிட்டா ரோட்ட யாரு பாக்கறது?"

"நான்தான் ஓட்டறேனே!"

"ஓட்டறீங்க. எங்க பாக்கறீங்க? எவனாவது முந்திட்டா அவன் முதுகையே பாக்கறீங்க. இல்லன்னா கண்ணாடில என் மூஞ்சியப் பாக்கறீங்க. பொழுதோட சாப்பிடணும்னு வேற பறக்கறீங்க. சின்னவரு யாரு முந்தினாலும் போகட்டும்னு விட்டுட்டாரு. அந்த டிரைவர் தம்பியும் அப்படித்தான். எனக்கு ஒரு வேளை சோறு போனா போவுது. நீங்க வேணும்ல?"

மாமா காரில் ஏறிக் கண்ணாடியை ரோட்டுக்கு நேராகத் திருப்பினார். எங்கள் முகம் அதில் தெரியாமல் போனது.

வழியில் ஒரு பஸ் எங்களை முந்தியது. மாமாவின் கழுத்து விறைத்தது, ஆனால் கார் அதே வேகத்தில் போனது. அப்புறம் ஒரு லாரி முந்தியது. போளூர் பக்கம் வந்தபோது மாமாவிடம் முன்பு இருந்த மாதிரியே ஒரு சின்னக் கார், பழசு, ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. அது ரொம்பக் கொடுமை. மாமா ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்ததையும், பிறகு விரல் விரலாகத் தளர்த்தியதையும் பின்னாலிருந்து பார்த்தேன். எனக்கே அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட நேரம் இல்லை என்று அவருக்கும் தெரியும். வேகம் கூட்டவில்லை.

அக்காவின் தலை மெதுவாக என் தோளில் வந்து விழுந்தது.

கொஞ்ச தூரம் போனபின் மாமா திரும்பாமல் கேட்டார்.

"மச்சான்... தூங்கறாளா?"

"ரோட்டப் பாருங்க மாமா."

அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குமேல் ஒரு சைக்கிள்கூட எங்களை முந்தியிருக்கலாம்.

வீட்டு வாசலில் நின்றபோது நன்றாக இருட்டிவிட்டது. அக்கா பதறிக்கொண்டு எழுந்தாள். "ஐயோ, பொழுது போயிடுச்சே! நீங்களும் சாப்பிடலியே?"

"எனக்கு வயிறு நெறஞ்சிருக்குது. நீ உள்ள போ" என்றார் மாமா.

நான் பைக்கை எடுக்கும்போது பின்னாலேயே வந்தார். அக்கா உள்ளே போய்விட்டாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மச்சான், அவன் வண்டியில செஞ்சியிலேர்ந்துதானே தூங்கினா? இன்னிக்கு போளூர்லேர்ந்து. எது தூரம் ஜாஸ்தி?"

செஞ்சிதான் கொஞ்சம் ஜாஸ்தி. இந்தப் பக்கத்தில் பஸ் ஏறிய யாருக்கும் தெரியும். இத்தனை வருஷம் செஞ்சி ரோட்டில் கடைக்குப் போய்வருகிற அவருக்குத் தெரியாதா?

"போளூர்தான் மாமா" என்றேன்.

"ஆமா, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றார்.