சிட்னிக்கு இரண்டு சீட்

எனக்குப் பத்து வயதானபோது, வார விடுமுறைக்கு சிட்னி போய்வருவது என்று அம்மா முடிவு செய்தாள்.

துபாயிலிருந்து சிட்னிக்கு விமானத்தில் பதினான்கு மணி நேரம். அப்போதெல்லாம் எங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. "ரெண்டு நாள் இருக்கறதுக்கு அவ்வளவு தூரம் பறக்கணுமா?" என்று அப்பா கேட்டார். "ஆமா" என்றாள் அம்மா. அவளைப் பொறுத்தவரை பேச்சு அதோடு முடிந்தது. மற்றவர்களுக்கு முடிய மூன்று வாரம் ஆயிற்று.

அப்பா ஒரு விமான நிறுவனத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தார். அதனால் எங்களுக்கு ஸ்டாஃப் டிக்கெட் உண்டு. முழு விலை கொடுத்த பயணிகள் எல்லாரும் ஏறிய பிறகு சீட் மிச்சமிருந்தால் நாங்கள் ஏறிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். ஊரில் இதற்கு 'ஓசி பிளேன்' என்று பெயர். பதினொரு வருடமாக அந்த ஓசி பிளேன் எங்களைத் திருச்சியைத் தவிர வேறெங்கும் கொண்டுபோனதில்லை. அங்கிருந்து கார் பிடித்து மன்னார்குடி. பெரியப்பா வீட்டுக் காதுகுத்து, பெரியப்பா வீட்டுச் சடங்கு, பெரியப்பா வீட்டுக் கல்யாணம். ஒவ்வொரு விசேஷத்திலும் அப்பா சட்டையில் சந்தனத்தோடு வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பார். அம்மா எங்கே இருப்பாள் என்று எனக்கு ஞாபகமில்லை. பந்தி நடக்கிற இடத்துக்குப் பின்னால் எங்கேயோ இருப்பாள்.

அந்த மாதக் கடைசியோடு அப்பா வேறு கம்பெனிக்கு மாறுவதாக இருந்தது. அங்கே ஸ்டாஃப் டிக்கெட் கிடையாது. ஆக, கையில் இருந்தது கடைசி ஒரு தடவை. சரியாக அந்த வாரம் பெரியப்பா கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார்கள். அப்பாவைக் கேட்டால் அது தெய்வச் செயல்.

அம்மா எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த கம்பெனி காலண்டர் முன்னால் நின்றாள். அதில் துபாயிலிருந்து உலகத்தின் எல்லா மூலைக்கும் சிவப்புக் கோடுகள் போகும். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் விரலை வைத்தாள். சென்னையில் அப்பாவின் அத்தை. சிங்கப்பூரில் அம்மாவின் சித்தப்பா. லண்டனில் அப்பாவோடு படித்தவர். விரல் கீழே இறங்கி வலது ஓரத்தில் நின்றது.

"இங்க நமக்கு யார் இருக்கா?"

அப்பா யோசித்துப் பார்த்து, "யாரும் இல்லையே" என்றார்.

"அப்ப இங்கதான்."

துபாய் கராமாவில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் சாயங்காலம் அம்மா டியூஷன் எடுப்பாள். கட்டடத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கணக்குப் படிக்க வருவார்கள். அவர்கள் போனதும் சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து சிட்னியைத் திட்டமிடத் தொடங்குவோம். கம்ப்யூட்டர் அம்மாவிடம், பென்சில் என்னிடம். வியாழன் காலை கிளம்பினால் வெள்ளி காலை ஏழு மணிக்கு சிட்னி. சனி இரவு அங்கே ஏறினால் ஞாயிறு விடியும்போது துபாய். விமான நிலையத்திலிருந்து நேராக ஸ்கூல். ஒரே ஒரு நாள் லீவு. இதை எழுதி முடித்தபோது, கடினமான கணக்கு ஒன்றின் விடையை அடிக்கோடிடுவது போல அம்மா அதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

அந்த நோட்டில் படகு நேரம், ரயில் நேரம், பாலத்தை நடந்து கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது உட்பட எல்லாம் இருந்தது. சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்துவரை மட்டும் 'சும்மா' என்று எழுதச் சொன்னாள். சும்மா என்பது இடமில்லை, அங்கே மிருகக்காட்சிசாலை போடலாம் என்று நான் சண்டை பிடித்தேன். அம்மா பென்சிலை என் கையிலிருந்து வாங்கி அவளே எழுதினாள்.

வெள்ளிக்கிழமை பெரியப்பா போன் செய்தார். அப்பா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"இந்தாம்மா, நீ படிச்ச பொண்ணு. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் சொன்னார். "அப்படி என்னதான் இருக்கு அங்க? ஒரு பாலம், கீழ தண்ணி. நம்ம கல்லணையில இல்லாததா?"

"கல்லணைக்குப் போனாலும் இருபது பேருக்குப் புளிசாதம் கட்டிக்கிட்டுதான் மாமா போகணும்" என்றாள் அம்மா.

அப்பா துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க பால்கனிக்குப் போய்விட்டார்.

"கூடப் பொறந்த அண்ணன் வீடு கட்டியிருக்கேன். நீங்க வராம எப்படிம்மா?"

"பதினொரு வருஷத்துல உங்க வீட்டு விசேஷம் ஒண்ணு நான் விட்டதில்ல மாமா. இந்த ஒரு வெள்ளி சனி எனக்கு வேணும். வீடு எங்கயும் போயிடாது. அடுத்த லீவுல வந்து பார்க்கறேன்."

பெரியப்பாவிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா பேசியதில் ஒரு சொல்கூட மரியாதைக் குறைவானது இல்லை; அதனால்தான் அது அவ்வளவு பயங்கரமாக இருந்தது.

நான்கு நாள் கழித்து மறுபடியும் போன் வந்தது. இந்த முறை பெரியப்பா குரலில் வெற்றி. பெரியம்மாவின் தங்கை வீட்டுக்காரருடைய அண்ணன் மகன் சிட்னியில்தான் இருக்கிறானாம். நம்மவர் ஒருவர்கூட இல்லாத ஊர் உலகத்தில் இருக்க முடியும் என்பதைப் பெரியப்பாவால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, தேடிக் கண்டுபிடித்துவிட்டார். அந்தத் தம்பி விமான நிலையத்துக்கே காரோடு வருவானாம், அவன் வீட்டிலேயே தங்கலாமாம், ஹோட்டல் எதற்கு? போகும்போது ஒரு சின்னப் பார்சல் மட்டும் கொண்டுபோனால் போதும். அப்பா எல்லாவற்றுக்கும் "சரிண்ணே" என்றார்.

"சொல்லிட்டீங்களா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"சொல்லிட்டேன். முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"வாயத் தொறந்துதான்."

பார்சலும் வந்து சேர்ந்தது. லீவு முடிந்து திரும்பிய மன்னார்குடிக்காரர் ஒருவர், தொழிலாளர் கேம்ப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி அதைக் கொண்டுவந்தார். பழுப்பு டேப் சுற்றிய அட்டைப்பெட்டி. ஊரில் இருந்து இதற்காகத் தன் துணிகளில் பாதியைக் குறைத்துக்கொண்டாராம். அம்மா அவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். அவர் போனதும் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். வேப்பம்பூ, கறிவேப்பிலை, ஏதோ விதைகள். இவற்றையெல்லாம் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்று கம்ப்யூட்டரில் இருந்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். பிறகு பெட்டியைத் தூக்கி ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். "இது வராது. நாம யார் வீட்டுக்கும் போகல. ஹோட்டல் போட்டாச்சு."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை.

வியாழன் காலை விமான நிலையம். ஸ்டாஃப் டிக்கெட்டில் போகிறவர்கள் கௌரவமாக உடுத்த வேண்டும் என்பது விதி. அப்பா டை கட்டியிருந்தார். அம்மா கஞ்சி போட்ட பச்சைப் புடவை. எனக்கு ஸ்கூல் ஷூ. எல்லாரும் ஏறும்வரை ஓரமாக உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு பயணியையும் எதிரியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் கவுண்டரில் இருந்தவர் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பாவுக்குத் தெரிந்தவர்தான்.

"பாய், தோ சீட். தீன் மாஃபி" என்று இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு இருக்கிறது, மூன்று இல்லை.

அப்பா முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. வருத்தமாகக் காட்டிக்கொள்ள முயன்றும் அவரால் முடியவில்லை. "சரி விடு. நமக்குக் கொடுத்து வெச்சது அவ்வளவுதான். வாங்க, தோசை சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போவோம்."

"ரெண்டு சீட் இருக்குல்ல?" என்றாள் அம்மா.

"மூணு பேர் இருக்கோம்ல?"

"நானும் பாப்பாவும் போறோம்."

"தனியாவா? அங்க உனக்கு ஒருத்தரையும் தெரியாதும்மா."

"அதுக்குத்தானே போறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா இல்லாமல் வரமாட்டேன் என்றேன். அம்மா குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தாள். கோபப்படவில்லை. "நீ வரலன்னா அப்பாவோட இரு. நான் மட்டும் போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்துடறேன். வரியா, இருக்கியா?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. அம்மா நான் இல்லாமலும் ஓரிடத்துக்குப் போகக்கூடியவள் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. பயத்தில் அப்பாவின் கையை விட்டுவிட்டு அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"யல்லா, யல்லா, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார் கவுண்டர்காரர்.

மூன்று பேருக்கும் ஒரே பெட்டி. அதை அங்கேயே தரையில் திறந்தோம். அம்மா முட்டி போட்டு உட்கார்ந்து அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கைகளில் அடுக்கினாள். நான்காவது சட்டைக்கு அடியில் அட்டைப்பெட்டி இருந்தது. அப்பா மேலே விளக்குகளைப் பார்த்தார். அம்மா அதையும் தூக்கிச் சட்டைகளின் மேல் வைத்தாள்.

டை கட்டிய அப்பா, மார்போடு சட்டைகளையும் வேப்பம்பூவையும் அணைத்துக்கொண்டு நின்றார். "பத்திரம்" என்றார். எங்கள் இருவரில் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

சிட்னியில் இறங்கி வெளியே வந்தால், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருவர் காகிதத்தை உயர்த்திப் பிடித்திருந்தார். அதில் அப்பாவின் பெயர், தமிழில். யாருமே தெரியாத ஊரில் அப்பாவின் பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். "அம்மா, அங்க பாரு!" என்று ஓடப் போனேன். அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். வேறு வாசல் வழியாகப் போய்விடலாம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் நேராக அவரிடம் நடந்தாள்.

"தம்பி, இவ்வளவு காலைல வந்திருக்கீங்க, ரொம்ப நன்றி. மன்னிச்சுக்குங்க. நாங்க உங்க வீட்டுக்கு வரல."

அவர் திகைத்தார். முப்பது வயதிருக்கும். "அக்கா, பெரியவர் சொன்னாரே..."

"அவர் சொன்னார். நான் சொல்லல. எங்களுக்கு ஹோட்டல் இருக்கு."

அவர் எங்களையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "வீட்ல கைக்குழந்தைக்கா. மாமியாரும் வந்திருக்காங்க. ரெண்டே ரூம். நைட் டூட்டி முடிஞ்சு நேரா இங்க வர்றேன்" என்றார். "நீங்க வந்தா சந்தோஷம்தான்..." என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

"போய்த் தூங்குங்க தம்பி."

"ஊர்ல கேட்டா என்னக்கா சொல்றது? பிளேன் லேட்டு, பார்க்க முடியலன்னு சொல்லிடவா?"

"வேண்டாம். நான் வரமாட்டேன்னு சொன்னேன், அதையே சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். ரயில் எந்தப் பக்கம் என்று காட்டி, எங்கள் பெட்டியை எஸ்கலேட்டர்வரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டுப் போனார். எனக்கு அம்மாமேல் கோபமாக இருந்தது. காரில் போயிருக்கலாம், அந்த வீட்டில் டிவி இருந்திருக்கும்.

இரண்டு நாளும் நோட்டில் எழுதியபடி நடந்தோம். அக்கரைக்கும் இக்கரைக்குமாக அம்மா என்னைப் படகில் கூட்டிக்கொண்டு போனாள். படகின் முன்பக்கம், காற்று அறைகிற இடத்தில்தான் நிற்பாள். பாலத்தை நடந்து கடந்தபோது நடுவில் நின்று கீழே போகிற கப்பலுக்குக் கை காட்டினாள். கப்பலில் யாரும் பார்க்கவில்லை, அவள் நிறுத்தவில்லை. கடற்கரையில் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கினாள். "புடவை நனையுதும்மா" என்றேன். "நனையட்டும்" என்றாள். அந்த ஈரப் புடவையோடேயே ரயிலில் உட்கார்ந்து ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். ஊரிலிருந்து போன் வந்தால் எடுக்கவில்லை. அப்பாவிடம் மட்டும் ராத்திரி ஒரு முறை பேசினாள். கிரகப்பிரவேசம் நல்லபடியாக நடந்ததாம். "சந்தோஷம்" என்றாள். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

எனக்கு இரண்டாம் நாளே அப்பாவைத் தேட ஆரம்பித்துவிட்டது. எப்போது போகிறோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சனி சாயங்காலம் விமான நிலையத்துக்கு வந்ததும் வேறு பயம் பிடித்துக்கொண்டது. திரும்புகிற டிக்கெட்டும் அதே ஸ்டாஃப் டிக்கெட்தான். சீட் இல்லாவிட்டால் இங்கேயே கிடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அறிவியல் டெஸ்ட். கவுண்டருக்கு முன்னால் வரிசை நீண்டு வளைந்திருந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளையார் பாட்டு முழுவதையும் மனதுக்குள் சொன்னேன். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்; அவளுக்கும் அதே பயம் என்று நினைத்துக்கொண்டேன். வரிசை ஒவ்வொரு ஆளாகக் குறைந்தது.

கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு ஏதோ தட்டினாள். பிறகு நிமிர்ந்து, நல்ல செய்தி சொல்கிறவளின் சிரிப்போடு, இன்று நிறைய இடம் இருக்கிறது, ஜன்னலோரம் வேண்டுமா என்று கேட்டாள்.

அம்மா முகத்தில் அந்தச் சிரிப்பு வரவில்லை. கவுண்டரின் விளிம்பில் கையை ஊன்றி, அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, சீட் இருக்காம்!" என்று புடவையைப் பிடித்து இழுத்தேன். அப்போதும் அவள் திரும்பவில்லை. காதில் விழவில்லை போலும் என்று நினைத்து, எக்கி நின்று, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.