தகடு அக்கா போட்ட அறுநூற்று முப்பது

எங்கள் மின் ஒப்பந்த அலுவலகத்தில் அவருக்குத் தகடு அக்கா என்று பெயர். ஒரு தொழிற்சாலைக்கு, மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கிற மெயின் பிரேக்கர் எத்தனை ஆம்பியரில் வேண்டும் என்று கணக்குப் போடச் சொன்னால், முதலாளி நீட்டும் பட்டியலை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். பிறகு டார்ச்சோடு ஒவ்வொரு மோட்டாரின் பின்னாலும் குனிந்து, கிரீஸைத் துடைத்து, ஆம்பியர் பொறித்த தகட்டைப் படித்து எழுதுவார். யாராவது வீட்டுக்கு மிக்ஸி வாங்கினால்கூடக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். அவர் கணக்கை வைத்துப் பதினோரு வருடம் வரைபடம் போட்டவன் நான். ஒரு தடவைகூட அழித்து வரைந்ததில்லை.

ஆனால் எந்த இயந்திரம் எதனோடு சேர்ந்து ஓடும் என்று தகட்டில் எழுதியிருக்காது. அதற்காக ஒரு ஷிப்ட் முழுக்க ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். ஒரே ஒரு தொழிற்சாலையில்தான் அப்படி உட்காராமல் விட்டார். அங்கே பராமரிப்பு ஃபோர்மேன் அவருடைய சொந்தத் தம்பி. பழைய கொட்டகையிலிருந்து புதுக் கட்டடத்துக்கு மாறப்போகிற நேரம்.

"ரெண்டு உலையும் ஒண்ணா ஓடாதுக்கா. ஒண்ணு சூடாகும்போது இன்னொண்ணு ஆறிட்டிருக்கும். நான் தினமும் பாக்குறேன்ல, நீ எதுக்கு இந்த வெக்கையில வேகணும்?" என்றான்.

இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அக்கா நம்பினார். ஒரு உலையை மட்டும் சேர்த்து மொத்தம் ஐந்நூறு ஆம்பியர், கொஞ்சம் இடம் விட்டு அறுநூற்று முப்பதுக்கு பிரேக்கர், அதற்கேற்ற கேபிள். கையெழுத்தும் போட்டார்.

புதுக் கட்டடம் திறந்த அன்றே பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றது. தூக்கிவிட்டால் அரை மணி நேரத்தில் மறுபடி விழுந்தது. உலையில் இருந்த சரக்கு மொத்தமும் பாழ். அக்கா ஓடிப்போய்ப் பார்த்தபோது இரண்டு உலையும் சிவந்து நின்றன. எண்ணூறு ஆம்பியர் இழுத்தால் பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? விழுவதுதான் அதன் வேலை. உலைக்காரர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: புதுக் கட்டடத்தில் இரண்டும் ஒன்றாக ஓடும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னவனே தம்பிதானாம். முதலாளிக்குப் பெரிய பிரேக்கரும் தடித்த கேபிளும் வாங்க மனசில்லை. கணக்கு சின்னதாக வந்தால் தம்பிக்கு மேனேஜர் நாற்காலி.

அந்த முதலாளியே அக்கா மேல் லைசென்ஸ் அலுவலகத்தில் புகாரும் கொடுத்தார். விசாரணைக்குப் போகிற வழியில்கூட அக்கா, "தப்பு பண்ணிட்டான். ஆனா நேர்ல கேட்டா சொல்லிடுவான்" என்றார். அவன் சொன்னால்தான் லைசென்ஸ் தப்பும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேகமாக அவருக்கு முன்னால் நடந்தேன்.

உலைகள் ஒன்றாக ஓடாது என்று நீங்கள் சொன்னீர்களா என்று அதிகாரி தம்பியிடம் கேட்டார்.

"நான் எதுவும் சொல்லல சார். எங்க அக்கா யார் பேச்சையும் கேட்டு எழுதுறவங்க இல்ல. எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டுதான் எழுதுவாங்க. யாரை வேணும்னாலும் கேளுங்க."

அதிகாரி என்னைக் கேட்டார், அவர் அப்படித்தானா என்று. பதினோரு வருடமாக நானே பெருமையடித்துக்கொண்ட விஷயம். ஆமாம் என்றேன். இந்த ஒரு தடவை மட்டும் என்று ஆரம்பித்தேன். தம்பி சொன்னபோது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா என்றார். நான் இருக்கவில்லை.

லைசென்ஸை மூன்று வருடம் நிறுத்திவைத்தார்கள். வெளியே வந்ததும் தம்பி ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டியைக் கிளப்பி, ஏறிக்கோ, வீட்டில் விடுகிறேன் என்றான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல உன் பேச்சை மட்டும்தான்டா போய்ப் பாக்காம எழுதினேன்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.