காலண்டர் அக்கா எழுதிக் கொடுத்த சீட்டு

குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. டாக்டர்கள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் காலண்டர் அக்கா. மழை தொடங்கிய மூன்றாவது வாரம் கைக்குழந்தைகள் சளி அடைத்து, மூச்சு இழுத்துக்கொண்டு வரும் என்பார், வரும். ஆறு வாரத்தில் கூட்டம் வடிந்துவிடும் என்பார், வடியும். பத்தொன்பது வருஷமாக இதில் பிசகு இல்லை. எப்படி என்று கேட்டால் மேஜை இழுப்பறையைத் திறந்து கோடு போட்ட நோட்டு ஒன்றைத் தட்டிக் காட்டுவார். ஒவ்வொரு வருஷமும் முதல் குழந்தை வந்த தேதி அதில் சிவப்பு மையில் இருக்கும். மற்ற நர்ஸுகள் லீவு கேட்பதே அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

பிறகு பெருந்தொற்று வந்தது. ஊரே முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் அடைந்தது. அந்த மழைக்கு அக்கா வழக்கம்போல விரிப்புகளை மாற்றி, சளி உறிஞ்சும் மெஷின் எட்டையும் துடைத்து வரிசையாக வைத்துக் காத்திருந்தார். ஒரு குழந்தைகூட மூச்சிரைத்துக்கொண்டு வரவில்லை. அடுத்த மழைக்கும் அதே கதை. தரை துடைக்கிற பெண், வாளியைக் கீழே வைத்துவிட்டு, விருந்தாளிங்க வழி தவறிட்டாங்களா அக்கா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

அந்தக் கடுப்பில்தான் அக்கா தன் உத்தியோகத்தில் செய்யக் கூடாததைச் செய்தார். ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸ் மெஷின் கேட்டு மாதக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தார். பஞ்சு டப்பாவுக்குக்கூடப் பூட்டுப் போடுகிறவர் என்பதால் அவருக்குப் பூட்டு என்றே பெயர். அக்கா அவரைக் கூப்பிட்டு ஆறு மெஷினைத் தூக்கிக் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டிருக்கலாம். 'அடுத்த மழைக்காலம் வரை குழந்தைகள் வார்டுக்கு இவை தேவைப்படாது' என்று கைப்பட ஒரு சீட்டு எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

முகக்கவசங்கள் கழன்றன, பள்ளிகள் திறந்தன. வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில், இரண்டே நாளில் பதினொரு குழந்தைகள் வந்து இறங்கின. அம்மாக்கள் ஒரு கையால் விசிறிக்கொண்டு மறுகையால் மூக்கைத் துடைத்துவிட்டார்கள். எப்போதும் ஒரு வயசுக்குள் இருப்பவைதான் வரும். இப்போது மூன்று வயசுப் பையன் ஒருவன், நாலு மாசத் தங்கையோடு ஜோடியாக வந்திருந்தான். பெரிய கட்டில் காலி இல்லாததால் அவனைக் கம்பி போட்ட தொட்டில் கட்டிலில் போட்டார்கள். இரண்டு காலும் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நான் பாப்பா இல்லை என்று மூச்சிரைப்புக்கு நடுவே ஒவ்வொரு நர்ஸிடமும் முறையிட்டான்.

"ரெண்டு வருஷமா இந்த வைரஸை இதுங்க பார்த்ததே இல்லக்கா. அப்ப தப்பிச்ச பெரிசுங்களும் புதுசா பொறந்ததுங்களும் சேர்ந்து இப்பதான் முதல் தடவையா மாட்டுது" என்றார் டாக்டர்.

விளக்கம் அக்காவுக்குப் புரிந்தது. மாதம்தான் பொறுக்கவில்லை.

"வரட்டும், வேணாங்கல. மழையில வந்தா என்னவாம்?"

ஆனால் தங்கைக்காரியின் நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை. மூக்கு அடைத்துக்கொண்டதால் காலையிலிருந்து பாலை இழுக்க முடியாமல் வாயை எடுத்து எடுத்து அழுதாள். பிறகு அழவும் தெம்பில்லை. வார்டில் மிச்சமிருந்த இரண்டு மெஷினில் ஒன்று மதியத்தோடு மோட்டார் சூடாகிப் படுத்துவிட்டது. இன்னொன்று இன்னும் மோசமாக இருந்த குழந்தையிடம் இருந்தது. அக்கா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஆண்கள் வார்டுக்கு நடந்தார்.

அங்கே பீரோ கதவில், பிளாஸ்டிக் உறை போட்டு, அவர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. பூட்டு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"மழை வந்துடுச்சாக்கா? எனக்கு ஒரு சொட்டுகூடத் தெரியலையே."

"கிண்டலை அப்புறம் வச்சுக்கலாம். சாவியை எடுங்க. நாலு மாசக் குழந்தை காலையிலேர்ந்து பால் குடிக்கல."

பூட்டின் முகம் மாறியது. சாவியை எடுத்துவிட்டார். ஆனால் பழக்கம் விடுமா? இன்னொரு கை தானாகவே பேனாவை நீட்டியது.

"நீங்க எழுதிக் கொடுத்துதானே நான் வாங்கினேன். உள்ளதை எழுதிடுங்க."

அக்கா உறையை உரித்து, சீட்டைக் கதவிலேயே வைத்து, பழைய வரிக்குக் கீழே எழுதினார்: 'நான் சொன்ன மாதம் தப்பு. மெஷின் இப்போதே வேண்டும்.' பூட்டு அதை நிதானமாகப் படிக்க ஆசைப்பட்டார். அக்காவின் பார்வை விடவில்லை. ஆறில் இரண்டு மெஷின் நோயாளிகளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் நாலையும் தள்ளுவண்டியில் ஏற்றி, பூட்டே தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

தங்கைக்காரியின் மூக்கில் மெல்லிய குழாயை விட்டதும் அவள் வார்டே அதிர வீறிட்டாள். அக்காவுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. மூக்கடைப்பு விட்டதும் அம்மாவிடம் கொடுத்தார். இரண்டு இழுப்பு, ஒரு மூச்சு. மறுபடி இரண்டு இழுப்பு. அப்புறம் அவள் வாயை எடுக்கவே இல்லை. அம்மா அசையப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். தொட்டில் கட்டிலில் இருந்து, அவதான் பாப்பா என்று அறிவிப்பு வந்தது.

பூட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு தேதி வேண்டும்.

"எப்பக்கா திருப்பித் தருவீங்க?"

அக்கா நோட்டை எடுத்தார். முதல் குழந்தை வந்த தேதியை எழுதினார். சிவப்புப் பேனா பக்கத்திலேயே கிடந்தது. அவர் எழுதியது பென்சிலில். பிறகு பக்கங்களைப் பின்னால் கொஞ்சம், முன்னால் கொஞ்சம் புரட்டினார்.

"தெரியல" என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. பூட்டுக்கே சங்கடமாகிவிட்டது, பரவாயில்லக்கா, மெதுவா தாங்க என்று திரும்பினார்.

"நில்லுங்க. உங்க பீரோ சாவி இன்னொண்ணு இருக்கும்ல? அதைக் கொடுத்துட்டுப் போங்க. இனிமே இது எப்ப வரும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

பூட்டு சாவிக்கொத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கழற்றிக் கொடுக்க அவருக்கு வெகு நேரம் ஆனது. கொடுத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டதாக ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னார்.