தடித்த எழுத்தில் பெரியப்பா

அத்தையின் கல்யாணப் பத்திரிகையை இணையத்தில் போட்டது நான்தான். பள்ளிக் கணினி வகுப்பில் வலைப்பக்கம் செய்யக் கற்றிருந்தேன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று அப்பா அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

தாத்தா இல்லை. அதனால் அழைப்பவர்களாக முதலில் பெரியப்பா பெயர், பிறகு அப்பா பெயர். பெரியப்பா கிள்ளானில் இருந்தார். தன்னைக் கேட்காமல் செந்தூலில் இருந்த தாத்தா வீட்டை விற்றுவிட்டதாக அப்பா மேல் கோபம். அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. தன்னைத் தாரை வார்த்துக் கொடுக்க மூத்த அண்ணன் வருவாரா என்பதுதான் அத்தையின் கவலை.

"பொண்ணு, மாப்பிள்ளை பேரு மட்டும் தடிப்பா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போனார். அத்தை என் அருகில் குனிந்து, "பெரியப்பா பேரையும் தடிப்பா போடு பாப்பா" என்றார்.

சுலபமான வேலை. சொல்லுக்கு முன்னால் கோண அடைப்புக்குள் ஒரு ஆங்கில 'பி'; சொல் முடிந்ததும் சாய்கோடு சேர்த்து இன்னொரு 'பி'. முதலாவதைப் போட்டேன். இரண்டாவதை மறந்தேன். பெரியப்பா பெயரில் தொடங்கிய தடிப்பு அப்பா பெயர், மண்டப முகவரி என்று இறங்கி, பின்பக்கம் கார் நிறுத்தலாம் என்ற கடைசி வரியில் போய் நின்றது.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தார் அப்பா. "என்ன லா இது, கார் பார்க்கிங்கூட கத்துது?"

முடிவுக் குறியைப் போட்டால் அழைப்பவர்களில் பெரியப்பா மட்டும் தடிப்பார், தொடக்கக் குறியை எடுத்தால் அவர்களில் யாருமே தடிக்க மாட்டார்கள் என்று விளக்கினேன்.

"ரெண்டும் செய்யலன்னா?"

"இப்படியே அசிங்கமா இருக்கும்பா."

அப்பா திரையில் பெரியப்பா பெயர் மேல் விரலை வைத்தார். "அப்படியே இருக்கட்டும்."

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்துக்குப் பெரியப்பா வந்தார். ஆனால் ஆபீஸிலிருந்து வந்த விருந்தாளி போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். தாரை வார்க்க ஐயர் ஆள் கேட்டார். மேடையிலிருந்து அத்தை கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இறங்கிப் போனார். நானும் பின்னால் போனேன். அப்பா பெரியப்பா பக்கத்தில் போய் நின்றார்.

பெரியப்பா அவரைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார். "பத்திரிகை நீ செஞ்சதாமே. என் பேருலேருந்து தடிப்பு ஆரம்பிக்குதே, யாரு போடச் சொன்னா?"

"நான்தான்ணே" என்றார் அப்பா.

"இல்ல, அத்தைதான்…" என்று தொடங்கினேன். அப்பாவின் கை என் தோளை அழுத்தியது.

பெரியப்பா முதன்முறையாகத் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "கார் பார்க்கிங்கையுமா?"

"அதையும்தான்."

பெரியப்பா எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேடைக்கு நடந்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. சொன்னது அத்தை, பிழை விட்டது நான். இரண்டையும் அப்பா எடுத்துக்கொண்டார். தாலி ஏறியதும் மேடைக்குப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அத்தைக்குக் கண் கலங்கி மை கரைந்தது. வலைப்பக்கம் அப்படி அசிங்கமாகவே கிடக்கிறதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன்.

"அழாதீங்க அத்தை, வீட்டுக்குப் போனதும் சரி பண்ணிடுறேன்" என்றேன்.