ஆர்ட்டிஸ்ட் என்ற கட்டத்தில் யார் பேர்

எங்கள் வீட்டில் வீடியோ எடுப்பதே வாப்பாவுக்காகத்தான். அவர் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டோர் கீப்பர். எங்கள் ஊரான வடகரையில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகள் எல்லாவற்றிலும் இதற்கு ஒரு முறை இருக்கிறது. கல்யாணமோ, காதுகுத்தோ, சாரல் குளியலோ, முதலில் ஒவ்வொருவராகக் கேமரா முன்னால் வந்து நின்று ஸலாம் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம். உம்மா மட்டும் ஸலாம் சொல்லிவிட்டு, "மாத்திரய நேரத்துக்குப் போடுங்க" என்று சேர்த்துக்கொள்வாள். எந்த வீடியோவானாலும் அது உண்டு.

இந்த சீசனுக்குக் குற்றாலம் போனபோது படம் எடுத்தது மாமா மகன். என்னைவிட ஒரு வயது பெரியவன். மாமா தென்காசியில் மொபைல் கடை வைத்திருப்பதால் புது போன் எது வந்தாலும் முதலில் அவன் கையில்தான் ஏறும். ஆடாமல் படம் பிடிக்கிற ஒரு கைப்பிடியும் வாங்கியிருந்தான். அதைப் பிடித்துக்கொண்டு ஐந்தருவி படிக்கட்டில் பின்பக்கமாகவே நடந்து வந்தான். எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சிகள்கூட வேலையை விட்டுவிட்டு, "தம்பி, விழுந்துராதீரு" என்று அவனைத்தான் பார்த்தார்கள். உம்மாவும் பெரியம்மாவும் அவன் சொன்ன இடத்தில் நின்றார்கள், சொன்னபோது சிரித்தார்கள். நான் ஈரத்துணிப் பையோடு ஓரமாக நின்றேன்.

எடிட்டிங் என் வேலை. யூடியூப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. என்னுடைய லேப்டாப் அவன் போன் எடுக்கிற பெரிய ஃபைல்களைத் திறந்தாலே திணறும். அதனால் மாமா வீட்டுக்குப் போய் அவன் லேப்டாப்பில் உட்கார்ந்தேன். ஒரு வாரம் காலேஜ் விட்டு வந்த நேரமெல்லாம் அதற்கே போனது. அருவி இரைச்சலுக்குள் அமுங்கிப்போன பேச்சை மேலே எடுத்தேன். சாரல் விழுகிற வேகத்துக்கு ஏற்ற மாதிரி சின்னச் சின்னதாக வெட்டினேன். அவன் இடையில் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னட்டி, எல்லாத்தையும் நறுக்கிப் போட்டுட்ட? கூட்டுக்குக் காய் வெட்டுத மாதிரி?"

"இதுக்குப் பேருதான் எடிட்டிங், மச்சான். நீ போய் புதுசா போன் ஏதும் வந்திருக்கான்னு பாரு."

அவன் ஆட்டோவின் முன்சீட்டில் உட்கார்ந்து, எங்கள் தெருவிலிருந்து இலத்தூர் தாண்டும்வரை நிறுத்தாமல் எடுத்த ஒரு நீளமான ஷாட் இருந்தது. ஒன்றுமே நடக்காது. ரோடு, தென்னை, வயல், ரோடு. அதைத் தூக்கிவிடத்தான் நினைத்தேன். "அத மட்டும் தொடாத" என்று அவன் கெஞ்சியதால், லேப்டாப் அவனுடையது என்பதால், போனால் போகிறதென்று விட்டுவைத்தேன்.

கடைசியில் என் பேரைத் திரையில் போடலாம் என்றால் உம்மா விடவில்லை. "குடும்ப வீடியோல என்னட்டி பேரு? சினிமாவா?" என்றாள். சரி, திரையில்தானே கூடாது. ஃபைலுக்குள் போடலாமே. சேமிக்கிற இடத்தில் வீடியோவின் விவரம் எழுதச் சில கட்டங்கள் இருக்கும். தலைப்பு, வருடம், காப்பிரைட். காப்பிரைட் கட்டத்தில் என் முழுப்பெயரை எழுதி, முன்னால் வட்டத்துக்குள் 'C' இருக்கிற அந்தக் குறியையும் போட்டேன். அதைப் பார்க்கையில் பத்திரப்பதிவு முடிந்த மாதிரி ஒரு நிறைவு.

மறுநாள் நான் காலேஜில் இருக்கும்போதே அவன் அதைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டான். நான் திறந்து பார்க்கையில் வாப்பாவின் குரல் பதிவு வந்திருந்தது. "மருமவனே, பிரமாதம் போ! அந்த ரோட்ட காட்டுனியே, அத நாலு தடவ பாத்துட்டேன். அங்கன புதுசா ஒரு காம்பவுண்டு செவரு வந்திருக்கே, யாருது?"

மருமவனே! வகுப்பிலேயே காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு வாரம் வெட்டி ஒட்டியவள் நான். அவர் நாலு தடவை பார்த்தது, நான் தூக்கிப் போட நினைத்த ரோடு. அவனோ, "நன்றி மாமா" என்று கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டிருந்தான். எடிட் யார் என்று ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலம் வாப்பா அழைத்ததும் முதல் வேலையாக, "வீடியோவ யார் செஞ்சதுன்னு அதுக்குள்ளயே எழுதியிருக்கு. விவரத்த தொறந்து பாருங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் தடவிவிட்டு, "ஒண்ணும் இல்லயேம்மா. தேதியும் அளவும்தான் காட்டுது" என்றார்.

தேடிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது உள்ளே எழுதியதையெல்லாம் துடைத்துவிடுகிறது. அவன் அதைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "ஏட்டி, ஒன் காப்பிரைட் பக்கத்துல இருக்க செங்கோட்டயக்கூடத் தாண்டல!"

விடவில்லை. அசல் ஃபைலை அப்படியே டிரைவில் ஏற்றி வாப்பாவுக்கு லிங்க் அனுப்பினேன். கடையில் இருக்கிற கம்ப்யூட்டரில் திறந்து, விவரத்தைப் பார்த்து, எனக்கு மட்டும் போன் செய்யச் சொன்னேன். செய்தார். பக்கத்தில் யாரோ மலையாளத்தில் எங்கே அமுக்க வேண்டுமென்று சொல்லிக்கொடுப்பது கேட்டது.

"ஆமா, இருக்கு. காப்பிரைட், ஒன் பேரு. மாஷா அல்லாஹ்." அவர் நிறுத்தவில்லை. "மேல ஆர்ட்டிஸ்ட்டுனு மருமவன் பேரு போட்டிருக்கு. ரெண்டு பேரும் ஒத்துமையா செஞ்சிருக்கீங்க. எனக்கு அதுதான் சந்தோசம்."

ஓடினேன் மாமா வீட்டுக்கு. அவன் லேப்டாப்பில் ஆர்ட்டிஸ்ட் என்கிற கட்டத்தை அவன் என்றைக்கோ நிரப்பி வைத்திருக்கிறான். எந்த வீடியோவைச் சேமித்தாலும் அந்தப் பேர் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் கீழே இருந்த காப்பிரைட்டை மட்டும் பார்த்து மயங்கி நின்றிருக்கிறேன். என் உழைப்புக்கு என் கையாலேயே அவனை ஆர்ட்டிஸ்ட் ஆக்கி, ஷார்ஜா வரைக்கும் அனுப்பிவைத்திருக்கிறேன்.

"நான் என்னட்டி செஞ்சேன்? நீதான அனுப்புன" என்றான். உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிந்தது.

போன வாரம் வாப்பா சில வீடியோக்களைக் குரூப்பில் போட்டார். அவரே எடுத்தது. அறை, அடுக்குக் கட்டில், சமையல் மூலை, அறையிலிருந்து கடை வரைக்கும் நடக்கிற பாதை. "ரெண்டு பேரும் சேந்து நல்லா பண்ணித் தாங்க" என்று எழுதியிருந்தார். மச்சான் உடனே கட்டைவிரலை உயர்த்திவிட்டான். நான் பதிலே போடவில்லை. இந்த ஃபைல்கள் சின்னவை, என் லேப்டாப்பே தாங்கும். அவன் கடையில் இருந்த நேரத்திலேயே எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டேன்.

அந்தப் பாதை ஷாட் ஆடிக்கொண்டே போகிறது. ஒன்றுமே நடக்காது. சுவர், ஏசி பெட்டிகள், ஒரு பூனை, சுவர். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கிறது. வெட்டலாம் என்று எங்கே நிறுத்தினாலும் உம்மா பின்னாலிருந்து, "இரு, இரு. இன்னும் எவ்வளவு தூரம் நடக்குதாருன்னு பாப்போம்" என்றாள். கடை வாசல் வரும்வரை வெட்டவே முடியவில்லை. அறையையும் சமையல் மூலையையும் முன்னால் சேர்த்தேன். பாதையை அப்படியே விட்டேன்.

சேமிக்கிற இடத்துக்கு வந்ததும் முதலில் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தைப் பார்த்தேன். காலியாக இருந்தது. வாப்பா பேரை எழுதினேன். காப்பிரைட்டிலும் அவர் பேர்தான் நியாயம், படம் அவருடையது. எழுதினேன். அப்புறம் குறிப்பு என்றொரு கட்டம் இருந்தது. அதில் 'எடிட்டிங்' என்று போட்டு என் பேர்.

இன்னும் சில கட்டங்கள் மிச்சம் இருந்தன. மச்சானுக்கு ஒன்றைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.