தம்பியின் கைக்கு எட்டும் சுவிட்சுகள்: ரேணிகுண்டா வழியாகச் சித்தூர் வரை ஒரு கேரவன் பயணம்

வாங்க, நல்லா கீறீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? சாப்பிட்டாச்சா? கேரவன் வண்டி வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும், வாங்கிவிட்டுப் பயந்துகொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லத் தம்பி மகள் ஜோதி கைப்பேசியில் அடிக்கிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றுவதும் அவள்தான். நான் கிளைக்கதைக்குள் போனால் தொண்டையைச் செருமுவாள்.

ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று சொன்னதற்கு அடுத்த வருசம், கத்திரி வெயில் நேரம். எங்கள் ஊர் ஆந்திராவில் வரதய்யபாளையம் பக்கம். தம்பி தேவராஜு பதினாறு வருசம் குவைத்தில் டிரைவராக இருந்தவன். சரக்கு ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வலது கையும் பாதிதான். முழுசாக வேலை செய்வது இடது கை மட்டும். அவன் ஊர் திரும்பிய நான்காம் மாதம் அவன் மனைவி மல்லிகா வீட்டு வேலை விசாவில் அதே குவைத்துக்குக் கிளம்பினாள். மெட்ராஸ் விமான நிலைய வாசலில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “மாமா, அவர உங்க கையில வுட்டுட்டுப் போறேன். வேற யாரும் எனக்கு இல்ல.”

குவைத்தில் தேவராஜு தன் முதலாளியின் கேரவனைப் பாலைவனத்தில் ஓட்டியிருக்கிறான். அந்த ஆசை விடவில்லை. பெங்களூரில் ஒரு பழைய கேரவனைப் பிடித்தோம். பின்னால் கட்டில், குளிர்சாதனம், தண்ணீர்த் தொட்டி, சக்கர நாற்காலியை ஏற்றி இறக்கும் பலகை. எல்லாவற்றையும் இயக்க, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் சிலேட்டு அளவில் ஒரு கண்ணாடிப் பேனல். விளக்கு, ஃபேன், கதவுப் பூட்டு எல்லாம் ஒரு விரலில். “பாத்தியா அண்ணா, ஒரு வெரலு போதும். யாரயும் கூப்புட வேணாம்” என்று முதல் நாள் முழுக்கக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். ஒன்று மட்டும் உறுத்தியது. அந்தக் கதவில் சாவித் துளை இருந்தது, சாவி இல்லை. விற்றவர் அனுப்புகிறேன் என்றார். நாங்களும் விட்டுவிட்டோம்.

நான் முப்பது வருசம் லாரி ஓட்டியவன். பழைய லாரிக்கு முன்னால் இரும்புக் கம்பியை விட்டுச் சுற்றினால்தான் என்ஜின் கிளம்பும். ஒருமுறை அந்தக் கம்பி திருப்பி அடித்து என் முன்னங்கை... சரி, ஜோதி செருமிவிட்டாள்.

திருப்பதியில் முதுகு டாக்டர் மதியம் ஒரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். அங்கிருந்து சித்தூர் தாண்டி கங்காதர நெல்லூரில் மல்லிகாவின் அம்மா வீட்டுக்குப் போவதாகத் திட்டம். ஜோதிக்குக் காலேஜ் பரீட்சை. நானும் தம்பியும் மட்டும்.

காலை ஏழு மணிக்கு வண்டிக்குப் பூஜை போட்டேன். புது வண்டிக்குச் செய்கிற மாதிரியே எல்லாம் செய்தேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், ஸ்டீயரிங்குக்குச் சந்தனம், முன்னால் கற்பூரம், தேங்காய். உடைத்த தேங்காயின் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வண்டிக்குள்ளும் தெளித்தேன். தம்பியின் உயிரே அந்தப் பேனலில்தானே இருக்கிறது என்று அதன் நெற்றியிலும் குழைத்த சந்தனமும் குங்குமமும் அப்பினேன். தேவராஜு அப்போது வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

ஏழரைக்குக் கிளம்பினோம். காளஹஸ்தி வரை ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். வழியில் ரோடு போட்டுக்கொண்டிருந்ததால் மெதுவாகத்தான் போக முடிந்தது. அங்கே இட்லி துன்னுட்டு, பெட்ரோல் பங்கில் இரண்டாயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டுவிட்டு, ரேணிகுண்டா வந்து சேரும்போது மணி பதினொன்று. திருப்பதி இன்னும் பத்து கிலோமீட்டர்தான். நேரம் இருக்கிறதே என்று ஒரு டீக்கடைக்கு எதிரில், வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்தினேன். பின்னறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பிக்கு ஒரு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்தினால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும்.

கடையில் நகரிப் பக்கத்து லாரிக்காரர்கள் மூன்று பேர். நம்ம ஊர்ப் பேச்சு. ரேணிகுண்டா ஸ்டேஷனில் ரயில் ஏறி கூடூர் வரை டிக்கெட் இல்லாமல் போன ஒரு ஆட்டின் கதை என்னிடம் உண்டு. ஆரம்பித்தேன். நடுவில் போன் வந்தது.

“அண்ணா, ஃபேனு நின்னுபோச்சு. பேனலு கறுப்பா கீது. வா.”

“இருடா, இதோ வரேன்” என்றேன். ஆடு அப்போதுதான் டிக்கெட் பரிசோதகரைப் பார்த்திருந்தது. கதையை முடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு டீ சொன்னார்கள். குடித்தேன்.

எழுந்து பார்த்தபோது நிழல் வண்டியைவிட்டு நகர்ந்திருந்தது. தகரத்தின் மேல் கை வைக்க முடியவில்லை. கதவை இழுத்தேன், வரவில்லை. மின்சாரப் பூட்டு. மின்சாரம் போனால் பூட்டியது பூட்டியபடியே நிற்கும். ஜன்னல்கள் குளிர்சாதனத்துக்காகத் திறக்க முடியாதபடி அடைக்கப்பட்டவை. டிரைவர் அறைக்கும் பின்னறைக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி. அதன் வழியே பார்த்தேன். தம்பி சட்டையைக் கழற்ற முயன்று, பாதியில் கை மாட்டிக்கொண்டு கிடந்தான். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. திரும்பப் போன் போட்டேன். மணி அடித்தது, அது அவன் கைக்கு எட்டாமல் கீழே விழுந்திருந்தது.

என் கண்முன் மல்லிகாவின் முகம்தான் வந்தது. ஜாக்கி ராடை எடுத்து ஜன்னலில் அடித்தேன். முதல் அடியில் ராடு துள்ளிக்கொண்டு வந்தது. மூன்றாவது அடியில் கண்ணாடி நொறுங்கியது. உள்ளேயிருந்து வந்த காற்று செங்கல் சூளைக் காற்று. லாரிக்காரர்களில் ஒல்லியான ஒருவர் ஜன்னல் வழியே நுழைந்து, பூட்டின் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, கதவை உள்ளிருந்து திறந்தார். தம்பி கூப்பிட்டதிலிருந்து கதவு திறக்க முப்பத்தைந்து நிமிடம். அதில் இருபது நிமிடம் என் கதைக்குப் போனது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் அவனுக்குக் கண் நிலைக்கு வந்தது. “இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா” என்று டாக்டர் ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சாயங்காலம் குவைத்திலிருந்து போன் வந்தது. எடுக்கவே எனக்குப் பயம். தேவராஜு வாங்கிப் பேசினான்: “ஒண்ணும் இல்ல மல்லிகா. காத்து பத்தலன்னு அண்ணன் ஜன்னல் கண்ணாடிய ஒடச்சிட்டாரு.” போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடியபடியே என்னிடம் கேட்டான்: “அந்த ஆட்டுக் கத முடிஞ்சிச்சா?”

அந்தக் கதையை அதற்குப் பிறகு நான் யாருக்கும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

மறுநாள் திருப்பதியில் ஒரு பட்டறைக்குப் போனோம். பாஷா பாய் என்று ஒருவர், பஸ்ஸுக்கும் லாரிக்கும் இருபது வருசமாக வயரிங் செய்பவர். பேனலைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். உள்ளே பச்சைப் பாசி மாதிரி பூத்திருந்தது, ஓரத்தில் சிவப்புக் கோடு.

“அன்னா, லோபல கொப்பரி நீள்ளு யாரு ஊத்துனது?” என்றார். தெலுங்கில் லோபல என்றால் உள்ளே, கொப்பரி நீள்ளு என்றால் தேங்காய்த் தண்ணீர். “குங்குமம் வேற. சாமியா இது?”

தம்பி கட்டிலில் கேட்டுக்கொண்டிருந்தான். பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். “நான்தான் பாய்” என்றேன்.

பாய் பேனலைத் துணியால் துடைத்தார். பிறகு தேவராஜு சொன்னான்: “பாய், வண்டியோட என்னயும் ஒருவாட்டி கழுவி வுடு. எனக்கும் பொட்டு வெச்சிருக்கப் போறான்.”

பேனல் பழுது பார்க்க முடியும், ஆனால் இனி நம்ப முடியாது என்றார் பாய். எல்லாவற்றுக்கும் கைச் சுவிட்ச் வைத்துவிடச் சொன்னேன். கதவுக்கு வெளியே ஒன்று, என் சீட்டுக்குப் பக்கத்தில் மீதி. பாய் தலையாட்டினார். தம்பி ஆட்டவில்லை.

“தொறக்கறது மூடறது எல்லாம் உன் கையிலன்னா, உள்ள கீற நான் இன்னா சரக்கா? அதுக்கு அந்தப் பாழாப்போன பேனலே இருக்கட்டும்.”

“நேத்து செத்துப் பொழச்சிக்கீற. இன்னும் பேனல்ன்ற.”

“நேத்து நீ வரல. சுவிட்சு உன் சீட்டாண்ட இருந்திருந்தா மட்டும் வந்து போட்டிருப்பியா?”

பாய் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஒரு சாக்பீஸை எடுத்துத் தம்பியின் இடது கையில் கொடுத்தார். “பாபு, படுத்துக்கினே கை எட்ற வரைக்கும் செவுத்துல கோடு போடு” என்றார். அவன் கையை நீட்டி ஒரு அரைவட்டம் போட்டான். கோணலான கோடு. கடைசிச் சுவிட்ச் வரை எல்லாமே அந்தக் கோட்டுக்குள்ளேதான் வந்தது. கதவுப் பூட்டுக்கு மட்டும், அதே வேலையைச் செய்யும் இன்னொரு சுவிட்சை வெளியே ஒரு சின்ன மூடிக்குள் வைத்தார். பேனலையும் பழுது பார்த்துத் திரும்ப மாட்டினார்.

நீங்கள் செய்வதானால் இதைக் கவனியுங்கள். பேனல் வயரோடு சுவிட்சை அப்படியே இணைத்துவிடக் கூடாது. கைச் சுவிட்சிலிருந்து போகும் மின்சாரம் திரும்பிப் போய்ப் பேனலின் கட்டுப்பாட்டுப் பெட்டியை எரித்துவிடும். மூன்று நிலைச் சுவிட்ச் போட வேண்டும்: மேலே தள்ளினால் பேனல், நடுவில் ஒன்றுமில்லை, கீழே தள்ளினால் நேராக பேட்டரி. ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். நாற்காலிப் பலகைக்கு, அமுக்கிப் பிடித்தால் ஓடி விட்டால் நிற்கிற சுவிட்சுதான் வேண்டும், இல்லையென்றால் கை நசுங்கும். எங்களுக்கு ஒன்பது சுவிட்ச், வயர், கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து நானூறு. உடைந்த ஜன்னலுக்குப் பதில் தள்ளித் திறக்கிற ஜன்னல் மூவாயிரத்து எண்ணூறு. இரண்டு நாள் வேலை.

நான்காம் நாள் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திருப்பதியிலிருந்து மதியம் இரண்டரைக்குச் சித்தூர் ரோட்டில் ஏறினோம். எழுபது கிலோமீட்டர், நல்ல ரோடு. எனக்குத்தான் எதுவும் நல்லதாக இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நடுக்கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன். அவன் தூங்கினால் செத்துவிட்டானோ என்று ஹாரன் அடித்தேன். “எழுப்பாத அண்ணா, எனக்கு ஒண்ணும் ஆவல” என்று திறந்த ஜன்னல் வழியே கத்தினான். பாகாலா தாண்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஒரு இடி. கண்ணாடியில் பேனல் வெளிச்சம் தெரியவில்லை. கறுப்பு.

வண்டியை ஓரம்கட்டி, இறங்கி, மழையில் பின்பக்கம் ஓடினேன். செருப்பு ஒன்று சேற்றில் போய்விட்டது. கதவில் கை வைப்பதற்குள் “டக்” என்று சத்தம். கதவு தானாகத் திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. தேவராஜு இடது கையைச் சுவிட்சுகளின் மேல் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்ப மட்டும் ஓடி வர” என்றான். பிறகு, “உள்ள வா, நனையற” என்றான்.

அன்றிரவு கங்காதர நெல்லூரில் மல்லிகாவின் அம்மா வைத்த கோழிக்குழம்பு இரண்டு பேருக்குமே இறங்கியது. பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. வெயிலில் நிற்கிற எந்த மூடிய வண்டியைப் பார்த்தாலும் எட்டி உள்ளே பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அவன் கூப்பிட்டால் ‘இரு’ என்ற சொல் என் வாயில் இப்போது வருவதில்லை. பாதி சாப்பாடானாலும் எழுந்துவிடுவேன்.

உங்களுக்குச் சில விசயங்கள். பழைய கேரவன் வாங்கினால் கதவுச் சாவி கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள். பூஜை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பொட்டைத் தகரத்தில் வையுங்கள், தேங்காயைத் தெருவில் உடையுங்கள். உள்ளே படுப்பவர் யாரோ, அவர் கையில் சாக்பீஸைக் கொடுத்துக் கோடு போடச் சொல்லுங்கள். சுவிட்ச் வைத்துவிட்டால் போதாது, ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் பேனலை அணைத்துவிட்டு ஒன்பதையும் போட்டுப் பாருங்கள். நாங்கள் நாளைக்குக் காணிப்பாக்கம் போகிறோம், அதனால் தேவராஜு இப்போது வண்டிக்குள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான், டக் டக் என்று இங்கே வரை கேட்கிறது. கடைசியாக முக்கியமான ஒன்று, வெளிக்கதவுச் சுவிட்சுக்குப் போகிற ஃபியூஸை மட்டும் எப்போதும்

“அண்ணா.”

(பெரியப்பா பாதியில் எழுந்து வண்டிக்கு ஓடிவிட்டார். — ஜோதி)